பெரிய அனிமேஷன் வேலைக்கு பிளெண்டர்: கோப்பு கெடாமல் காப்பதில் எவ்வளவு தேறுகிறது?

ஏழெட்டு நிமிடக் குறும்படம் ஒன்றை பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில் செய்ய நினைப்பவர்கள் ரிக் (கதாபாத்திரத்தை அசைக்கும் எலும்புக்கூடு) எப்படி, லைட்டிங் எப்படி, ஒரு ஃபிரேம் ரெண்டராக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். கோப்பை அது எப்படிச் சேமிக்கிறது, எந்த இடத்தில் கைவிடும் என்று கேட்பவர்கள் குறைவு. பல மாத உழைப்பைப் பறிகொடுக்க அந்த ஓர் இடம் போதும். அதனால் இங்கே மாடலிங் பற்றியோ ரெண்டர் தரம் பற்றியோ பேச்சில்லை. கோப்புகளைப் பொறுத்தவரை பிளெண்டர் எப்படி நடந்துகொள்கிறது என்பது மட்டும்தான். 4.2, 4.5 ஆகிய நீண்டகால ஆதரவுப் பதிப்புகளும் 5.0 பதிப்பும் கணக்கில் உள்ளன.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கோப்பை டிஸ்க்கில் எழுதும் வேலையை பிளெண்டர் நேர்த்தியாகச் செய்கிறது. ஆனால் நிறுவியதும் கிடைக்கும் அமைப்புகள் ஒரே ஆள், ஒரே கணினி, ஒரே கோப்பு என்று வேலை பார்ப்பவருக்கானவை. 30 ஷாட், 5 கதாபாத்திரம், 3 அனிமேட்டர் என்று வேலை வளர்ந்த பிறகும் அவற்றை அப்படியே விட்டுவைத்தால் எங்காவது அடி விழும்.

கோப்புக்குள் இருப்பது என்ன

பிளெண்ட் கோப்பு என்பது நினைவகத்தில் இருக்கும் தரவுக் கட்டமைப்புகளின் நேரடிப் பிரதி. அதனால்தான் சேமிப்பு அவ்வளவு வேகமாக நடக்கிறது. கோப்பின் தொடக்கத்தில் பிளெண்டரின் பெயரும் பதிப்பு எண்ணும் கொண்ட சின்னத் தலைப்பு. அடுத்து பிளாக் பிளாக்காகத் தரவு. கடைசிக்குச் சற்று முன்னால் டி.என்.ஏ. என்று அழைக்கப்படும் பிளாக். முந்தைய பிளாக்குகளில் எந்த பைட் எதைக் குறிக்கிறது என்ற அகராதி அதுதான். பழைய பதிப்பில் சேமித்த கோப்பைப் புதிய பதிப்பு திறக்க முடிவது இந்த அகராதியால்தான்.

இதன் மறுபக்கம் கொடியது. பென் டிரைவை முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்கினாலோ, பதிவிறக்கம் பாதியில் நின்றாலோ கோப்பின் வால் வெட்டுப்படும். வாலில்தான் அகராதி இருக்கிறது. 800 எம்பி கோப்பில் கடைசி 1 எம்பி மட்டும் போனாலும், முன்னால் உள்ள 799 எம்பியும் அர்த்தம் தெரியாத எண்களாகிவிடும். டி.என்.ஏ. பிளாக் இல்லை என்று பிழைச் செய்தி வந்தால் நடந்திருப்பது இதுதான். மாயா என்ற இன்னொரு 3டி மென்பொருளில் எழுத்து வடிவக் கோப்பாகச் சேமிக்கும் வழி உண்டு. கெட்ட வரியை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து நீக்கிப் பார்க்கலாம். பிளெண்டரில் அதற்கு வாய்ப்பே இல்லை. இந்த ஒப்பீட்டில் பிளெண்டருக்கு மதிப்பெண் குறைகிறது.

நினைவகப் பிரதி என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. கோளாறுள்ள ரேம், அளவுக்கு மீறி வேகம் ஏற்றிய ரேம் ஆகியவற்றால் ஒரு பிட் புரண்டால் அந்தப் பிழையும் கோப்புக்குள் சேமிக்கப்படும். ஒரே கணினியில் சேமித்த கோப்புகள் மட்டும் அடிக்கடி கெடுகின்றன என்றால் பிளெண்டரை மறுபடி நிறுவுவதற்கு முன் ஓர் இரவு முழுக்க ரேம் சோதனை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சேவ் அழுத்தியதும் நடப்பது

இந்த இடத்தில் பிளெண்டரைப் பாராட்டியே ஆகவேண்டும். பழைய கோப்பின் மேல் அது நேரடியாக எழுதுவதில்லை. பெயரின் கடைசியில் @ குறி சேர்த்த தற்காலிகக் கோப்பில் முழுவதையும் எழுதுகிறது. எழுதி முடித்த பிறகே பழைய கோப்பைப் பெயரின் கடைசியில் 1 என்ற எண் சேர்த்து ஒதுக்கிவிட்டு, புதியதை அதன் இடத்தில் வைக்கிறது. டிஸ்க் நிரம்பினாலும் நடுவில் பிளெண்டர் விழுந்தாலும் பழைய கோப்பு பிழைத்திருக்கும். ஃபோல்டரில் @ குறியோடு ஒரு கோப்பு மிஞ்சியிருந்தால், ஒரு சேமிப்பு அரைகுறையாக நின்றிருக்கிறது என்று பொருள். பார்த்தவுடன் அழித்துவிடக் கூடாது. எழுதி முடித்துப் பெயர் மாற்றும்போது மட்டும் தடை வந்திருந்தால் முழுமையான புதிய கோப்பு அதுவாகத்தான் இருக்கும்.

பெயர் மாற்றத்துக்குத் தடை பெரும்பாலும் கிளவுட் ஒத்திசைவு மென்பொருளிடமிருந்து வருகிறது. கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் போன்றவை கோப்பு மாறியதும் அதை வாசிக்கத் தொடங்கும். விண்டோஸில் ஒரு நிரல் பிடித்துவைத்திருக்கும் கோப்பை இன்னொன்று பெயர் மாற்ற முடியாமல் போகலாம். பழைய கோப்பை மாற்ற முடியவில்லை, @ குறியோடு சேமிக்கப்பட்டது என்ற செய்தி அப்போதுதான் வரும். வேலைக் கோப்புகளை ஒத்திசையும் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். உள்ளூர் டிஸ்க்கில் வேலை செய்து, நாள் முடிவில் பிளெண்டரை மூடிய பின் கிளவுடுக்குப் பிரதி அனுப்புவதே சரியான முறை.

மின்வெட்டு தனிக் கதை. எழுதி முடித்ததாக இயங்குதளம் சொன்ன பிறகும் தரவு கொஞ்ச நேரம் டிஸ்க்கின் இடைநினைவில் இருக்கும். அந்த நொடியில் மின்சாரம் போனால், அளவு சரியாக இருந்தும் உள்ளே முழுக்கப் பூஜ்யங்களாக நிரம்பிய கோப்பு கிடைப்பதுண்டு. இதை எந்த மென்பொருளாலும் முழுதாகத் தடுக்க முடியாது, யுபிஎஸ் வேண்டும். பென் டிரைவில் நேரடியாகக் கோப்பைத் திறந்து வேலை செய்வதும் இதே ஆபத்துதான். ஃபேட்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடவே முடியாது. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னலிங் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் வசதி) கிடையாது, எனவே திடீரெனப் பிடுங்கினால் மீட்புக்கான குறிப்பும் மிஞ்சாது.

பின்பிரதியும் ஆட்டோ சேவும்

பிரிஃபரன்சஸில் சேவ் & லோட் பகுதியைத் திறந்தால் சேவ் வெர்ஷன்ஸ் என்ற எண் இருக்கும். இயல்பாக 1, உச்சம் 32. பெரிய வேலைக்கு 5 முதல் 10 வரை வையுங்கள். கோப்பு 600 எம்பி என்றால் 10 பிரதிக்கு ஒரு ஷாட்டுக்கே 6 ஜிபி ஆகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒரு குறை இருக்கிறது: ஒவ்வொரு சேவுக்கும் பிரதிகள் ஒரு படி தள்ளப்படுகின்றன. அரை மணி நேரத்தில் பதினோரு முறை சேவ் அழுத்தினால் நேற்றைய நிலை ஒன்றுகூட மிஞ்சாது. ரிக்கில் ஒரு போனின் (bone, எலும்பு) கன்ஸ்ட்ரெயின்ட் (அசைவுக் கட்டுப்பாடு) கெட்டுப்போனதை மறுநாள்தான் கவனிக்கிறீர்கள் என்றால் இந்தப் பிரதிகளால் பயனில்லை. எனவே ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பெயரில் எண்ணைக் கூட்டிப் புதிய கோப்பாகச் சேமிப்பது கட்டாயம். சேவ் அஸ் பெட்டியில் எண் விசைப்பலகையின் கூட்டல் விசையை அழுத்தினால் எண் தானாக ஒன்று ஏறும்.

ஆட்டோ சேவ் இயல்பாக 2 நிமிடத்துக்கு ஒருமுறை தற்காலிக ஃபோல்டரில் எழுதுகிறது. ஒரு ஜிபியைத் தாண்டிய கோப்பில் ஒவ்வொரு 2 நிமிடமும் திரை சில நொடிகள் உறைந்து நிற்கும். எரிச்சலில் ஆட்டோ சேவையே நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு, 8 அல்லது 10 நிமிடமாக்கினால் போதும். தற்காலிக ஃபோல்டர் எது என்பதையும் அதே பிரிஃபரன்சஸில் நீங்களே குறிப்பிட வேண்டும். பல லினக்ஸ் கணினிகளில் மறுதொடக்கம் ஆனதும் இயல்பான தற்காலிக ஃபோல்டர் காலியாகிவிடும். மின்வெட்டுக்குப் பிறகு தேடினால் எதுவும் இருக்காது. பிளெண்டரை மூடும்போது தானாக எழுதப்படும் கடைசி அமர்வுக் கோப்பும் அங்கேதான் வாழ்கிறது. சேவ் செய்யாமல் மூடிவிட்டவர்கள், வேறு எதையும் தொடாமல், ஃபைல் மெனுவில் ரிகவர், லாஸ்ட் செஷன் என்று போனால் பெரும்பாலும் திரும்பக் கிடைத்துவிடும்.

டெக்ஸ்சர் பெயின்ட் செய்பவர்களுக்கு ஒரு கடுமையான எச்சரிக்கை. கோப்பைச் சேவ் செய்தால் நீங்கள் தீட்டிய படம் சேவ் ஆவதில்லை. ஆட்டோ சேவிலும் அது சேராது. இமேஜ் எடிட்டரில் படங்களைத் தனியாகச் சேமிக்க வேண்டும். வருடக்கணக்காகத் தொடரும் இந்த நடத்தை பிளெண்டரின் மோசமான அம்சங்களில் ஒன்று என்றே கருதுகிறோம்.

கோப்பு ஏன் ஊதுகிறது

பெரிய கோப்பு என்றாலே கெட்ட கோப்பு இல்லை. ஆனால் எழுத அதிக நேரம் பிடிக்கும் கோப்புக்குத் தடைபடும் வாய்ப்பும் அதிகம். பின்பிரதி எடுக்கச் சோம்பலும் வரும். எது இடத்தைத் தின்கிறது என்று தெரிந்தால் குறைப்பது எளிது.

ஷேப் கீயிலிருந்து தொடங்கலாம். முகபாவம் போன்ற மாற்று வடிவத்தைச் சேமிக்கும் ஒவ்வொரு ஷேப் கீயும் மெஷ்ஷின் (பொருளின் மேற்பரப்பு வலை) எல்லா வெர்டெக்ஸுக்கும் (வலையின் புள்ளி) இடம் எழுதுகிறது, அசையாத வெர்டெக்ஸுக்கும் சேர்த்து. ஒரு வெர்டெக்ஸுக்கு 12 பைட். 10 லட்சம் வெர்டெக்ஸ் கொண்ட தலையில் ஒரு கீ 12 எம்பி; 40 முகபாவம் வைத்தால் 480 எம்பி. வலையை நுணுக்கமாகப் பிரிக்கும் சப்டிவிஷனை அப்ளை செய்யாமல் 10 ஆயிரம் வெர்டெக்ஸ் தலையிலேயே கீகளை வைத்தால் அதே 40 கீ 4.8 எம்பியில் முடிந்துவிடும்.

அடுத்தது பேக் (bake) செய்த, அதாவது ஃபிரேம் ஃபிரேமாகப் பதிந்த அனிமேஷன். மோஷன் கேப்சர் தரவை ஃபிரேமுக்கு ஒரு கீயாக இறக்கினால், 200 போன், போனுக்கு இடம் 3, சுழற்சி 4, அளவு 3 என 10 சேனல், 1,500 ஃபிரேம்: மொத்தம் 30 லட்சம் கீஃபிரேம். ஒன்றுக்கு ஏறத்தாழ 70 பைட் வைத்தாலும் 210 எம்பி. அளவு மாறாத போன்களின் ஸ்கேல் சேனல்களை நீக்கினாலே பத்தில் மூன்று பங்கு குறையும். பிறகு டெசிமேட் செய்து தேவையற்ற கீகளைக் குறைக்கலாம்.

ஆட்டோமேட்டிக் பேக் (pack) ரிசோர்சஸ் என்ற வசதியை இயக்கிவைத்தால் எல்லா டெக்ஸ்சரும் கோப்புக்குள் போய்விடும். கோப்பை ஒருவருக்கு அனுப்பும் நாளில் அது அருமை. தினசரி வேலையில் 20 எம்பி டெக்ஸ்சர் 40 இருந்தால் ஒவ்வொரு சேவுக்கும் அதே 800 எம்பி திரும்பத் திரும்ப எழுதப்படும். டெக்ஸ்சர்களை வெளியே வைத்து, பாதைகளை ரிலேட்டிவ் ஆக்கிவிடுங்கள். இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் பாதை என்றால் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து தேடும். டிரைவ் எழுத்து மாறினாலும் உடையாது.

யாரும் பயன்படுத்தாத டேட்டா பிளாக்கை (மெஷ், மெட்டீரியல் போன்ற ஒரு தரவு அலகு) பிளெண்டர் சேமிக்காமல் விட்டுவிடும். கோப்பு தானே மெலிய இது உதவும். ஆனால் தற்சமயம் எந்தப் பொருளுக்கும் தராமல் ஒதுக்கிவைத்த மெட்டீரியலும் அப்படியே போய்விடும். வேண்டியதற்கு கேடயச் சின்னத்தை அழுத்தி ஃபேக் யூசர் கொடுங்கள். வேண்டாததை கிளீன் அப் மெனுவில் பர்ஜ் செய்யுங்கள்.

கம்ப்ரஸ் தேர்வு 3.0 முதல் சீஸ்டாண்டர்ட் முறையில் நடக்கிறது. முன்பிருந்த ஜீஜிப்பைவிட வெகு வேகம். இடம் நெருக்கடி என்றால் இயக்கலாம். பதிப்புக் களஞ்சியத்தில் வைக்கும் கோப்புகளுக்கு வேண்டாம். சின்ன மாற்றத்துக்கும் சுருக்கிய பைட்டுகள் பெருமளவு மாறிவிடுவதால் வித்தியாசத்தை மட்டும் சேமிக்கும் வசதி வீணாகிறது.

சிமுலேஷன் கேஷில் ஒரு பொறி இருக்கிறது. துணி, துகள் போன்றவற்றுக்கு டிஸ்க் கேஷ் வைத்தால், பிளெண்ட் கோப்பின் பெயரை ஒட்டியே கேஷ் ஃபோல்டரின் பெயரும் அமைகிறது. 14 என்று முடிந்த கோப்பை 15 என்று சேமித்ததும் கேஷ் காணாமல் போனதாகத் தோன்றும். ஃபோல்டர் அங்கேயே இருக்கும், பெயர்தான் பொருந்தவில்லை. முடிந்த துணி அசைவை அலெம்பிக் என்ற கோப்பு வடிவத்தில் ஏற்றுமதி செய்து ஷாட்டில் இணைப்பது நிம்மதி.

லிங்க், ஓவர்ரைட்

பெரிய வேலைக்கு உண்மையான பாதுகாப்பு இதில்தான். கதாபாத்திரத்துக்கு ஒரு கோப்பு, களத்துக்கு ஒரு கோப்பு, ஷாட்டுக்கு ஒரு கோப்பு. ஷாட் கோப்பில் கதாபாத்திரத்தின் கலெக்ஷனை (பொருட்களின் தொகுப்பு) அப்பெண்ட் செய்யாமல் (உள்ளே நகலெடுக்காமல்) லிங்க் செய்து (மூலக் கோப்போடு இணைத்து), லைப்ரரி ஓவர்ரைட் (override, இணைத்ததன் மேல் உள்ளூர் மாற்றம்) ஆக்கி அசைக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஷாட் கோப்பில் அனிமேஷனும் கேமராவும் மட்டுமே இருக்கும். அளவு சில எம்பிகளில் நின்றுவிடும். ஒரு ஷாட் கெட்டால் அந்த ஒரு ஷாட்டின் அசைவு மட்டுமே போகும்.

ஓவர்ரைட் வசதி 2.81-இல் அறிமுகமானது, பழைய பிராக்ஸி முறை 3.2-இல் நீக்கப்பட்டது. இன்று நம்பி வேலை செய்யலாம், ஆனால் அதன் நினைவு எளியது: லைப்ரரி கோப்பின் பாதை, டேட்டா பிளாக்கின் பெயர், இவ்வளவுதான். அனிமேஷன் தொடங்கிய பிறகு ரிக் கோப்பில் கலெக்ஷன் பெயரையோ ஆர்மேச்சர் பெயரையோ திருத்தினால் எல்லா ஷாட்டிலும் அந்த இணைப்பு அறுந்துவிடும். பதற வேண்டாம், அறுந்த இடத்தில் பிளெண்டர் ஒரு வெற்றுப் பிளாக்கை வைத்துப் பழைய பெயரை நினைவில் வைத்திருக்கும். ரிக் கோப்பில் பழைய பெயரைத் திரும்ப வைத்துவிட்டு ஷாட்டை மறுபடி திறந்தால் சேர்ந்துகொள்ளும். ரிக்கில் புதிய பொருள் சேர்ந்தாலோ படிநிலை மாறினாலோ ஷாட் திறக்கும்போது ரீசிங்க் நடக்கும், திறக்கும் நேரம் கூடும். படிநிலை குலைந்து தெரிந்தால் அவுட்லைனரில் லைப்ரரி ஓவர்ரைட், டிரபிள்ஷூட், ரீசிங்க் ஹையரார்க்கி என்று போகலாம். அதற்கடுத்த என்ஃபோர்ஸ் வகையை, பிரதி எடுத்துவைக்காமல் தொடாதீர்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: 5.0-க்கு முன்பு டேட்டா பிளாக்கின் பெயருக்கு 63 பைட்தான் இடம். யுனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனிக் குறியீடுகள். ஆக 21 குறியீடுகளோடு பெயர் வெட்டுப்படும். ‘தாத்தா வீட்டுத் திண்ணை’ என்ற பெயரே 62 பைட்டை எடுத்துக்கொள்ளும். 5.0-இல் இது 255 பைட்டாக உயர்ந்திருக்கிறது. வெட்டுப்பட்டு ஒன்றுபோலான பெயர்களுக்குப் பின்னால் .001 ஒட்டிக்கொள்ளும்; லிங்க் பெயரை நம்பி நடப்பதால் குழப்பம் அங்கே தொடங்கும்.

திறக்க மறுக்கும் கோப்புக்கு

முதலில் அந்தக் கோப்பையும் 1 எண்ணிட்ட பிரதியையும் @ கோப்பையும் வேறு ஃபோல்டருக்கு நகலெடுங்கள். அளவு பூஜ்யமா, முந்தைய பிரதியைவிட வெகு குறைவா என்று பாருங்கள். குறைவென்றால் வால் வெட்டுப்பட்டிருக்கிறது. பிரதிக்குப் போவதே வழி. அளவு சரியாக இருந்து திறக்கும்போது பிளெண்டர் விழுந்தால் நம்பிக்கை உண்டு. திறக்கும் பெட்டியில் லோட் யூஐ தேர்வை நீக்கித் திறந்து பாருங்கள். கெட்டது ஜன்னல் அமைப்பு மட்டும் என்றால் திறந்துவிடும். அடுத்து ஆட் ஆன்கள் எதுவும் ஏறாதபடி ஃபேக்டரி அமைப்போடு பிளெண்டரைத் தொடங்குங்கள். அதுவும் பலிக்கவில்லையென்றால் காலிக் கோப்பில் இருந்து அப்பெண்ட். முழு சீனையும் இழுக்காமல் கலெக்ஷன்களில் பாதி, பிறகு மீதி என்று பிரித்து எடுத்தால் எந்தப் பொருள் கெட்டது என்று சில சுற்றுகளில் தெரிந்துவிடும். அனிமேஷன் மட்டும் வேண்டுமென்றால் ஆக்ஷன்களை மட்டும் அப்பெண்ட் செய்து புதிதாக லிங்க் செய்த ரிக்கில் பொருத்தலாம். போன் பெயர்கள் மாறாதிருந்தால் அசைவு அப்படியே வந்துவிடும். தற்காலிக ஃபோல்டரில் கிராஷ் பதிவுக் கோப்பும் இருக்கும், கடைசியாக என்ன செய்தபோது விழுந்தது என்பதற்கு அதில் தடயம் கிடைக்கும்.

குழு வேலை

இரண்டு பேர் ஒரே பிளெண்ட் கோப்பைத் திறந்தால் கடைசியாகச் சேவ் செய்தவர் மற்றவரின் வேலையை அழித்துவிடுவார். பிளெண்டருக்குள் பூட்டு வசதி இல்லை. பைனரி கோப்புகளை ஒன்றோடொன்று கலக்கவும் முடியாது. பிளெண்டரின் சொந்தப் படப்பிரிவான பிளெண்டர் ஸ்டுடியோவே தன் படங்களுக்கு சப்வெர்ஷன் என்ற பதிப்புக் களஞ்சியக் கருவியைப் பயன்படுத்தியிருக்கிறது. பழைய கருவிதான், ஆனால் ஒருவர் எடுத்த கோப்பை மற்றவர் தொடாதபடி பூட்டலாம், வேண்டிய ஃபோல்டரை மட்டும் இறக்கலாம். அதே வகைக் கருவியான கிட் பழகியவர்கள், பெரிய கோப்புகளுக்கான எல்.எஃப்.எஸ். நீட்சி இல்லாமல் இறங்கக் கூடாது. கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை நேரடியாக ஏற்காது.

ரெண்டரை ஒருபோதும் நேரடியாக வீடியோவாக எடுக்காதீர்கள். எம்பி4 கோப்பின் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். 900-வது ஃபிரேமில் விழுந்தால் முந்தைய 899-உம் திறக்காது. பிஎன்ஜி அல்லது ஓப்பன் இஎக்ஸ்ஆர் படங்களாக எடுங்கள். ரெண்டர் அமைப்பில் ஏற்கெனவே உள்ள ஃபிரேமின் மேல் எழுதும் ஓவர்ரைட் (overwrite) தேர்வை நீக்கி, எடுத்த ஃபிரேமுக்கு வெற்றுக் கோப்பு வைக்கும் பிளேஸ்ஹோல்டர்ஸை இயக்கினால் பல கணினிகள் ஒரே ஃபோல்டரில் ஃபிரேம்களைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு கணினி நடுவில் விழுந்தால் அது எடுத்திருந்த ஃபிரேம் பூஜ்ய பைட் கோப்பாக நிற்கும், ஓவர்ரைட் இல்லாததால் அதை எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். மறுபடி தொடங்குமுன் பூஜ்ய பைட் கோப்புகளைத் தேடி நீக்க வேண்டும்.

எந்தப் பதிப்பு

2025 நவம்பரில் வந்த 5.0, கோப்பின் பிளாக் வடிவத்தையே மாற்றியிருக்கிறது. 2 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைத் தரவுத் தொகுதியை எழுத இது தேவைப்பட்டது. அதில் சேமித்த கோப்பை 4.5-க்கு முந்தைய பதிப்புகள் திறக்காது. 4.5 திறக்கும், ஆனால் 5.0-க்கே உரிய புதிய தரவு விட்டுப்போகலாம். அங்கே சேமித்துவிட்டால் திரும்ப வராது. குழுவில் ஒருவர் மட்டும் பதிப்பு ஏற்றிக்கொண்டு பொது ரிக் கோப்பைத் திறந்து சேவ் செய்வது எல்லா ஷாட்டையும் பாதிக்கும். நடப்பு வேலையை 4.5-இலேயே முடியுங்கள், நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு 2 ஆண்டுகள் பிழைத்திருத்தம் வரும். புதிதாகத் தொடங்கும் படத்துக்கு, அதிலும் கனமான மெஷ், நீளமான தமிழ்ப் பெயர்கள் இருந்தால், 5.0 தொடரைத் தாராளமாக எடுக்கலாம். எதை எடுத்தாலும் அந்தப் பதிப்பின் ஜிப் வடிவ நிறுவியைப் படத்தின் ஃபோல்டரிலேயே போட்டுவையுங்கள். எல்லோரும் அதை விரித்து அதிலிருந்தே இயக்கட்டும்.